காலாவதியான இயற்பியல்

நாற்பத்தோராம் வயதில் மார்லீன் குபியாக்குக்கு டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் வந்ததற்கு ஒரு லிஃப்ட்தான் காரணம். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

டொலீடோ நகரத்தில் பதினெட்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்ப்பவள் அவள். கல்லூரியில் இயற்பியல் படித்தவள்தான். பட்டம் வாங்கிய கையோடு அப்பாவின் வேன் சாவியையும் வாங்கிக்கொண்டாள், அதற்குப் பிறகு திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு ஜனவரி மாதம், ஆற்றோரத்து மருத்துவமனையில் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே ஒரு லிஃப்ட் நின்றுபோனது. உள்ளே தள்ளுகட்டிலில் ஒரு பெரியவர், கூட ஒரு நர்ஸ். மார்லீன் கூரைக் கதவு வழியாக உள்ளே குதித்தபோது பெரியவரின் இதயம் நின்றிருந்தது. நர்ஸ் அவர் மார்பை அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்து போயிருந்தாள்.

"இங்க கை வைங்க. நல்லா அழுத்துங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க" என்றாள் நர்ஸ்.

மார்லீன் அழுத்தினாள். மேலே இயந்திர அறையில் அவளுடைய சக பணியாளர் பிரேக்கைக் கையால் விடுவித்து லிஃப்டை அங்குலம் அங்குலமாக இறக்கினார். பதினோரு நிமிடம் ஆனது. மூன்றாம் மாடியில் கதவு திறந்ததும் நான்கைந்து பேர் ஓடிவந்து கட்டிலை இழுத்துக்கொண்டு போனார்கள். எதிரே இருந்த இரட்டைக் கதவு அவர்களை விழுங்கிவிட்டுச் சாத்திக்கொண்டது. கையெல்லாம் கிரீஸோடு மார்லீன் வெளியே நின்றாள்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. 'நான்கு விலா எலும்பு உடைந்திருக்கிறது. மிக்க நன்றி.'

வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்காகக் கதவு திறந்துவிட்டவளுக்கு அந்த இரட்டைக் கதவு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் என்ன செய்தார்கள்? எதை முதலில் செய்தார்கள்? மூன்று மாதம் இதை மனதிலேயே வைத்திருந்துவிட்டு, ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள். கண்ணாடித் தொழிற்சாலையில் உலைப் பிரிவு லாயிடுக்கு. எதற்கும் சூடாகிற ஆள் இல்லை.

"லாயிட், நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன்."

லாயிட் சட்டியில் இருந்த முட்டையைத் திருப்பிப் போட்டான். "இன்னிக்கேவா?"

"இல்ல. மருத்துவக் கல்லூரிக்கு மனு போடறதுக்கு முன்னாடி சில பாடம் முடிச்சிருக்கணுமாம். உயிரியல், வேதியியல், அப்படி."

"அப்ப இன்னிக்கு வேலைக்குப் போற?"

"போறேன்."

"சரி. ரொட்டி ரெண்டா, மூணா?"

இவ்வளவுதான் குடும்பத்தில் நடந்த விவாதம். மிச்ச விவாதமெல்லாம் பல்கலைக்கழகத்தில் நடந்தது.

பிளெட்சர் அரசுப் பல்கலைக்கழகத்தின் ஏழாவது மாடியில் மருத்துவப் பாதை ஆலோசனை அலுவலகம் இருந்தது. வாசலில் பெரிய எழுத்தில் 'உங்கள் பாதை இங்கே தொடங்குகிறது' என்று பலகை. அதன் கீழே சின்ன எழுத்தில், 'முன்பதிவு செய்யாதவர்கள் தயவுசெய்து தொடங்க வேண்டாம்.'

மார்லீன் முன்பதிவு செய்துகொண்டு, ஐந்து வாரம் கழித்துத் தொடங்கினாள். ஆலோசகரின் பெயர் கொரின் மேத்தர். முப்பது வயதுக்குள் இருக்கும். மிக இனிமையாகப் பேசினாள். கெட்ட செய்தி சொல்லும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வாள். அன்றைக்கு மார்லீன் கிளம்பும்வரை அந்தத் தலை அதிக நேரம் நேராக இருக்கவில்லை.

"உங்க பழைய மதிப்பெண் பட்டியல் பாத்தேன், மிஸஸ் குபியாக். இயற்பியல்ல எல்லாமே முதல் தரம். அருமை!"

"அப்ப இயற்பியல் முடிஞ்சுது. மத்ததுதான் பாக்கி."

தலை சாய்ந்தது. "இயற்பியல் முடிஞ்சு பத்தொன்பது வருஷம் ஆயிடுச்சு. பத்து வருஷத்துக்கு மேல போன பாடம் காலாவதி."

"ஏன், புவியீர்ப்பு மாறிடுச்சா?"

"புவியீர்ப்பு அப்படியேதான் இருக்கு. உங்களுக்கும் அதுக்கும் இருந்த தொடர்புதான் முடிஞ்சுபோச்சு."

தினமும் இரண்டாயிரம் கிலோ எடையைக் கம்பியில் தொங்கவிட்டுப் பிழைப்பு நடத்துகிறவள் மார்லீன். புவியீர்ப்போடு தனக்கு நல்ல உறவு இருப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தாள். சொல்லியும் பார்த்தாள். கொரின் அதை அக்கறையாகக் குறித்துக்கொண்டு, அதற்கான கட்டம் படிவத்தில் இல்லை என்றாள்.

"ஆங்கிலமும் காலாவதிதான். முதலாண்டுக் கட்டுரைப் பாடம் இருக்கே, அது."

"இப்ப நாம பேசிட்டிருக்கறது என்ன மொழி?"

"நீங்க நல்லாவே பேசறீங்க" என்றாள் கொரின், மனமாரப் பாராட்டும் குரலில். "பேசறதுக்குத் தடை இல்லை. மனுவுல தெரியும்னு எழுதத்தான் கூடாது."

பிறகு கொரின் சுவரில் இருந்த திரையை விலக்கினாள். அங்கே பாதை வரைபடம் இருந்தது. நாற்பத்தாறு கட்டங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் நாலாபுறமும் அம்புகள். மின்சுற்று வரைபடம் படித்தே வளர்ந்தவள் மார்லீன். எழுந்து போய் விரலை வைத்து ஓர் அம்பைத் தொடர்ந்தாள். உயிரியல் வகுப்பில் இடம் வேண்டுமானால் 'பாதை மாணவர்' என்ற தகுதி வேண்டும். அந்தத் தகுதி வேண்டுமானால் ஒப்புதல் பெற்ற திட்டம் வேண்டும். திட்டத்துக்கு ஒப்புதல் வேண்டுமானால் உயிரியல் வகுப்பில் இடம் கிடைத்திருக்க வேண்டும். விரல் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

"இது வட்டமா இருக்கே?"

"நாங்க அதை ஒருங்கிணைந்த அமைப்புன்னு சொல்லுவோம்."

"அப்ப இதுவரைக்கும் யாராவது எப்படித்தான் உள்ள போனாங்க?"

"பதினெட்டு வயசுல வர்றவங்களுக்குக் கம்ப்யூட்டரே பதிவு பண்ணிடும். அவங்க இந்தப் படத்தைப் பாக்கறதே இல்லை." கொரின் குரலைத் தாழ்த்தினாள். "தாமதமா வர்றவங்களுக்குன்னுதான் இதை வரைஞ்சோம். பெரியவங்களுக்குத் தெளிவு முக்கியம் பாருங்க."

வட்டத்துக்குள் நுழைய ஒரு வழியும் வைத்திருந்தார்கள். 'முன்தேவைத் திட்டமிடல் 100' என்று ஒரு பாடம். எந்தப் பாடத்தை எதற்கு முன்னால் படிக்க வேண்டும் என்று திட்டமிடக் கற்றுத் தருவது. அதில் தேறினால் தற்காலிகப் பாதை மாணவர். அதில் சேர ஒரே ஒரு நிபந்தனைதான்: ஆங்கிலம் காலாவதியாகாமல் இருக்க வேண்டும்.

ஆகவே மார்லீன் அந்தக் கோடை முழுதும் ஆங்கிலம் படித்தாள். 'எனக்குப் பிடித்த இடம்' என்ற தலைப்பில் லிஃப்ட் இயந்திர அறையைப் பற்றி எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாள்.

இலையுதிர் பருவத்தில் திட்டமிடல் வகுப்பு ஆரம்பித்தது. அலுவலகத்தின் இயக்குநர் டாக்டர் பிரெஸ்காட் வான்தான் அதை நடத்தினார். உயரமான மனிதர், வெள்ளைத் தாடி, நல்ல கனத்த குரல். அவர் டாக்டர் பட்டம் வாங்கியது கல்வி நிர்வாகத்தில். அவருடைய ஆய்வு, வரிசையில் நிற்பவர்களின் மனநிலையைப் பற்றியது என்று அவரே சொன்னார்.

வகுப்பில் ஒன்பது பேர். மார்லீனுக்குப் பக்கத்து நாற்காலியில் எல்டன் க்ரீப். லூத்தரன் சபையில் இருபத்தாறு வருடம் போதகராக இருந்துவிட்டு ஐம்பத்திரண்டாம் வயதில் விலகியவர். சாகக் கிடப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, அவர்களுடைய வலிக்கு ஜெபம் தவிர வேறு ஏதாவதும் கொடுக்க வேண்டும் என்று தோன்றிவிட்டதாம்.

முதல் நாள் வான் மேடையில் ஏறினார்.

"நண்பர்களே, இந்த அலுவலகம் ஆரம்பிச்சுப் பதினாலு வருஷம் ஆகுது. பெருமையா ஒண்ணு சொல்றேன். இந்தப் பதினாலு வருஷத்துல நம்ம பாதையில நடந்த ஒருத்தர்கூட மருத்துவக் கல்லூரியில நிராகரிக்கப்பட்டது கிடையாது."

எல்லோரும் கைதட்டினார்கள். எல்டன் கையைத் தூக்கினார். "எத்தனை பேருக்கு இடம் கிடைச்சுது, ஐயா?"

"மனுப் போடற கட்டத்துக்கு இன்னும் யாரும் வரலை" என்றார் வான். "எல்லாரும் பாதையிலதான் இருக்காங்க. அதுதான் நம்ம பலம். நாங்க யாரையும் விட்டுட மாட்டோம்."

எல்டன் மார்லீன் பக்கம் குனிந்து, "எங்க சபையிலகூட இப்படி வெளிப்படையாப் பேச மாட்டோம்" என்றார்.

பதினைந்து வாரம் திட்டமிட்டார்கள். திட்டம் என்றால் என்ன என்று இரண்டு வாரம். அம்புக்கும் கோட்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு வாரம். இறுதித் தேர்வில் ஒவ்வொருவரும் தம் திட்டத்தை வரைந்து காட்ட வேண்டும். மார்லீன் வரைந்ததைப் பார்த்து வான் நெற்றியைச் சுருக்கினார்.

"எல்லாம் சரியா இருக்கு. ஆனா ரொம்பச் சுருக்கமா இருக்கே? ரெண்டரை வருஷத்துல முடிச்சிடறீங்க."

"வேலையும் பாத்துக்கிட்டே முடிச்சிடலாம்னு கணக்குப் போட்டேன்."

"அவசரப்படற டாக்டர்கிட்ட நீங்க போவீங்களா, மிஸஸ் குபியாக்?"

மூன்றரை வருடத்துக்குத் திருத்தி எழுதிக் கொடுத்த பிறகு தேறினாள். எல்டன் தேறவில்லை. அவர் தம் திட்டத்தின் கடைசிக் கட்டத்தில் 'கடவுள் சித்தமானால்' என்று எழுதியிருந்தார். அதற்கு எந்தத் துறையின் ஒப்புதலும் இணைக்கப்படவில்லை. மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னார்கள்.

பாடங்கள் தொடங்கியபோது மார்லீன் ஒன்றைக் கண்டுபிடித்தாள். வகுப்புகள் நன்றாகவே இருந்தன. விடியற்காலையில் மூன்று லிஃப்ட் சரிபார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வேதியியலுக்குப் போவாள். மதியம் வேனில் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே செல்லுக்குள் சர்க்கரை எப்படி எரிகிறது என்று படிப்பாள். கரிம வேதியியலில், இரண்டு மூலக்கூறுகள் ஒரே அணுக்களால் ஆனாலும் ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பமாக இருந்தால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது என்று சொன்னார்கள். அரை வகுப்பு விழித்தது. மார்லீனுக்கோ இடப்பக்கம் திறக்கும் கதவுப் பொறியும் வலப்பக்கம் திறக்கும் கதவுப் பொறியும் கண் முன்னால் வந்து நின்றன. ஒரே உதிரி பாகங்கள்தான். மாற்றி மாட்டிவிட்டு எத்தனை முறை கழற்றியிருக்கிறாள்! அன்றைக்கு வீட்டுக்கு வந்து லாயிடின் இரண்டு கையுறைகளையும் மேஜைமேல் வைத்து அரை மணி நேரம் விளக்கினாள்.

"அப்ப தப்பான கையுறை மாத்திரை சாப்ட்டா?" என்று கேட்டான் லாயிட்.

"ஒண்ணும் ஆகாது. இல்லன்னா செத்துடுவோம்."

"நல்ல பாடம்" என்றான்.

இயற்பியலில்தான் சறுக்கினாள். தேர்வில் ஒரு கேள்வி: பத்தாவது மாடியிலிருந்து ஒரு லிஃப்டின் கம்பி அறுந்தால், அது தரையைத் தொடும்போது வேகம் என்ன? மார்லீன் ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். லிஃப்டுக்கு ஒரு கம்பி இல்லை, ஐந்தாறு கம்பிகள், எல்லாம் அறுந்தாலும் வேகம் கூடினவுடன் பாதுகாப்புப் பிடி தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும், ஆகவே லிஃப்ட் விழாது, வேகம் பூஜ்யம். மதிப்பெண்ணும் பூஜ்யம் என்று வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், 'கேள்வியில் பாதுகாப்புப் பிடி இல்லை.'

இயற்பியலில் பட்டம் பெற்றவள் இயற்பியலில் இரண்டாம் தரம் வாங்கினாள். கொரின் அதைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னாள். "நல்லவேளை புதுப்பிச்சீங்க. பழைய முதல் தரத்தை நம்பியிருந்தா உங்களை ரொம்ப உயர்வா நினைச்சிருப்பாங்க."

மருத்துவர் ஒருவரின் நிழலாக அறுபது மணி நேரம் கூடவே நடக்க வேண்டும் என்று இன்னொரு கட்டம் சொன்னது. அதே ஆற்றோரத்து மருத்துவமனையில் டாக்டர் ஆஸ்ட்ராண்டர் என்ற இதய மருத்துவர் ஒத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவரும் மார்லீனும் ஏறிய லிஃப்ட் நின்றுபோனது. மேலே ஒரு நோயாளி அவருக்காகக் காத்திருந்தார். டாக்டர் முகம் வெளுத்து அவசரப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். மார்லீன் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, பலகையைக் கழற்றி, நான்கு நிமிடத்தில் லிஃப்டை ஓட வைத்தாள். நோயாளிக்கு நேரத்துக்கு மருந்து போய்ச் சேர்ந்தது. டாக்டர் ஆஸ்ட்ராண்டர் நெகிழ்ந்துபோய், நடந்ததை விவரமாகச் சான்றிதழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சான்றிதழ் திரும்பி வந்தது.

"அன்னிக்கு முழுக்க அஞ்சு மணி நேரத்தையும் கழிச்சிருக்கோம்" என்றாள் கொரின். "நிழல்னா சும்மா கூட நிக்கணும். நீங்க உபயோகமா இருந்திருக்கீங்க. அது வேலைக் கணக்குல போயிடும்."

"ஒரு ஆளு பொழைச்சாரு, கொரின்."

"தெரியும்." தலை சாய்ந்தது. "அதனாலதான் கண்டிப்பு எதுவும் எழுதலை."

தாமத விளக்கக் கட்டுரை என்று ஒன்றும் கேட்டார்கள். 'இவ்வளவு நாள் ஏன் வரவில்லை?' என்பதற்கு ஐந்நூறு சொல்லில் பதில். மார்லீன் அந்தப் பதினோரு நிமிடத்தை எழுதினாள். எழுதும்போது தன் உள்ளங்கைக்குக் கீழே விலா எலும்பு முறிந்த சத்தம்கூட ஞாபகம் வந்தது. வான் அவளை நேரில் அழைத்தார்.

"மனசைத் தொடற கட்டுரை. ஆனா ஒரு சிக்கல். அப்ப உங்களுக்கு முதலுதவிச் சான்றிதழ் இருந்துதா?"

"இல்லை. நர்ஸ் பக்கத்துலயே இருந்தாங்க, சொல்லிக் குடுத்தாங்க."

"அப்ப இது அனுமதி இல்லாத மருத்துவம்னு யாராவது படிச்சிடுவாங்க. வேற சம்பவம் எழுதுங்களேன். வெளிநாட்டுல ரெண்டு வாரம் கிணறு தோண்டினது, அது மாதிரி. நம்ம பரிந்துரைக் குழுவுல இருக்கறவங்களுக்குக் கிணறுன்னா ரொம்பப் பிடிக்கும்."

"நான் கிணறு தோண்டினதே இல்லை."

"லிஃப்ட் குழியும் கிட்டத்தட்ட அதுதானே?" என்றார் வான், உதவி செய்துவிட்ட திருப்தியோடு.

மார்லீன் லிஃப்ட் குழியைப் பற்றி எழுதிக் கொடுத்தாள். உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

இப்படியாக நான்காம் வருடம் மே மாதத்தில் நாற்பத்தாறு கட்டங்களும் நிரம்பின. நுழைவுத் தேர்வையும் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். இனி குழுவின் பரிந்துரைக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. எல்டன் க்ரீப் அப்போது திட்டமிடல் வகுப்பை நான்காம் முறை படித்துக்கொண்டிருந்தார். நடைபாதையில் அவளைப் பார்த்து, "நீ முடிச்சிட்டியா? நிஜமாவா?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அலுவலகத்தில் கொரின் கணினியை வெகுநேரம் பார்த்தாள். வானை அழைத்து வந்தாள். அவரும் பார்த்தார். இருவர் முகத்திலும் சந்தோஷத்தைக் காணோம்.

"மிஸஸ் குபியாக்," என்றார் வான், "எல்லாக் கட்டத்தையும் முடிச்சிருக்கீங்க."

"ஆமாம்."

"இதுவரைக்கும் இப்படி நடந்ததில்லை. கடிதம் குடுக்கணும்னா, முடிச்சதா சான்று சொல்ற படிவம் வேணும். அந்தப் படிவத்தை நாங்க இன்னும் உருவாக்கலை. தேவைப்படலை, பாருங்க. ஒரு துணைக்குழு போடணும். ரெண்டு வருஷத்துல வந்துடும்."

"ரெண்டு வருஷமா?"

"ரெண்டு வருஷம் போனா உங்க ஆங்கிலத்துக்கு ஆறு வயசாயிடும். கவலை வேண்டாம், பத்துக்கு இன்னும் நாள் இருக்கு." பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். குரலில் பாசம் வந்துவிட்டது. "வேற ஒண்ணு யோசிச்சேன். இந்தப் பாதையை முழுசா நடந்த ஒரே ஆள் நீங்கதான். நீங்க ஏன் இங்கயே ஆலோசகரா சேரக் கூடாது? டாக்டரானா ஒரு சமயத்துல ஒரு நோயாளியைத்தான் பாக்க முடியும். இங்க இருந்தீங்கன்னா நூத்துக்கணக்கான பேரை டாக்டராகற பாதையிலயே வெச்சிருக்கலாம்."

மார்லீன் எழுந்து வெளியே வந்தாள். வேனில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பவில்லை. லாயிடை அழைத்தாள்.

"விட்டுடலாம்னு இருக்கு, லாயிட்."

அந்தப் பக்கம் உலையின் இரைச்சல் கேட்டது. "அவங்க என்ன சொன்னாங்க?"

சொன்னாள். லாயிட் கேட்டான்.

"அந்தக் கடிதம் யாருக்குப் போகுது?"

"மருத்துவக் கல்லூரிக்கு."

"அது வேணுமான்னு அவங்களைக் கேட்டியா?"

நான்கு வருடத்தில் யாருமே கேட்காத கேள்வி அது. மார்லீனும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவள், எது வந்தாலும் முதலில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கிறவள், இதை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டாள். அங்கேயே வேனில் உட்கார்ந்து, மாநிலத்தின் தென்கோடியில் இருந்த ஒரு மருத்துவக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தை அழைத்தாள். இரண்டாவது மணியில் எடுத்தார்கள்.

"சேர்க்கைப் பிரிவு, ரோண்டா பேசறேன்."

மார்லீன் தயங்கித் தயங்கிக் கேட்டாள். எதிர்முனையில் ரோண்டா எதையோ மென்றுகொண்டே பதில் சொன்னாள்.

"குழுக் கடிதமா? இருந்தா அனுப்புங்க, இல்லாட்டி உங்களைத் தெரிஞ்ச வாத்தியார், டாக்டர் யாராவது ரெண்டு பேர் எழுதினாப் போதும்."

"இயற்பியல் பத்து வருஷத்துக்கு மேல ஆனா?"

"ஆனா என்ன?"

"காலாவதி ஆயிடாதா?"

"அது என்ன பாலா, தயிரா? எந்த வருஷம் முடிச்சாலும் முடிச்சதுதான்."

"ஆங்கிலம்?"

"ஏம்மா, நீங்க இப்பப் பேசறது என்ன?" மெல்லுவது நின்றது. "யாரு இதெல்லாம் சொன்னாங்க? எங்ககிட்டயும் தலைவலி நிறைய இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா இந்தத் தலைவலி எங்களோடது இல்லை. ரெண்டு வருஷத்துல முடிச்சிருக்கலாமே நீங்க?"

மார்லீன் நன்றி சொல்லி ஃபோனை வைத்தாள். பிறகு வேனின் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு வருடத்துக்காக ஒரு முறை. கேட்காமல் இருந்ததற்காக ஒரு முறை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரிம வேதியியல் ஆசிரியரிடமும் டாக்டர் ஆஸ்ட்ராண்டரிடமும் கடிதம் கேட்கப் போனாள். டாக்டர் லிஃப்ட் கதையை மறுபடி முழுசாக எழுதினார். மார்லீனும் பதினோரு நிமிடக் கட்டுரையைத் தோண்டி எடுத்து அனுப்பினாள். நேர்முகத்தில் மூன்று பேர் அதைப் பற்றி மட்டுமே முக்கால் மணி நேரம் கேட்டார்கள். மார்ச் மாதத்தில் இடம் கிடைத்துவிட்டது.

செய்தி எப்படியோ ஏழாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே வாரத்தில் அலுவலகத்தின் வாசலில் அவள் படம் ஆளுயரத்துக்கு நின்றது. 'எங்கள் பாதையின் முதல் டாக்டர்.' டாக்டராக இன்னும் நான்கு வருடப் படிப்பு இருக்கிறதே என்று கேட்டதற்கு, அதைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பதாகக் கொரின் சொன்னாள். புதிய மாணவர்களின் வரவேற்பு நாளில் வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று வான் தாமே அழைத்தார்.

மார்லீன் போனாள். இந்த வருடம் கூட்டம் அதிகம். சுமார் எழுபது பேர், எல்லாம் முப்பத்தைந்து, நாற்பது, ஐம்பதைத் தாண்டியவர்கள். பேருந்து ஓட்டுநர், வங்கிக் காசாளர், இரண்டு சமையல்காரர்கள். முன்வரிசையில் எல்டன் க்ரீப். வான் இருபத்தைந்து நிமிடம் பேசினார். நிராகரிப்பே இல்லாத பதினெட்டு வருடத்தைப் பற்றிச் சொன்னார். இப்போது அதோடு ஒரு சேர்க்கையும் கூடியிருப்பதால், வெற்றி விகிதத்தைக் கணக்கிட ஒரு துணைக்குழு அமைத்திருப்பதாகவும் சொன்னார்.

"இனி மிஸஸ் குபியாக் தன்னோட அனுபவத்தைச் சொல்லுவாங்க."

மார்லீன் மேடையில் நின்று கூட்டத்தைப் பார்த்தாள். எல்லோர் மடியிலும் திறந்த நோட்டு. எல்லோர் கையிலும் பேனா.

"எழுதிக்கிறீங்களா?" என்றாள். பிறகு ஒரு தொலைபேசி எண்ணைச் சொன்னாள். நிதானமாக, இரண்டு முறை சொன்னாள். "சேர்க்கை அலுவலகம். ரோண்டான்னு ஒருத்தங்க எடுப்பாங்க. உங்களுக்கு என்ன வேணுமோ நேரா அவங்களைக் கேளுங்க. வேற கல்லூரிக்குப் போறதா இருந்தாலும் அந்தந்தக் கல்லூரியைக் கேளுங்க. இன்னிக்கே கேளுங்க. அவ்வளவுதான்."

இறங்கிவிட்டாள். பிறகு வான்தான் முதலில் கைதட்டினார், சுருக்கமான பேச்சை அவர் என்றைக்கும் மதிப்பவர். அடுத்தது எல்டன் எழுந்தார். நாற்காலிகள் உரசின. ஒவ்வொருவராக நடைபாதைக்கு வந்து சுவரோரமாக நின்று எண்களை அழுத்தத் தொடங்கினார்கள். எழுபது பேரும் ஒரே நேரத்தில் அழைத்ததில் ரோண்டாவின் இணைப்பு பிஸியாகவே இருந்தது. யாரும் நகரவில்லை.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மாவு படிந்த காலணியோடு, மார்லீனிடம் வந்து கிசுகிசுத்தாள்.

"கூப்பிடறதுக்கு முன்பதிவு ஏதாவது வேணுமா?"

"வேண்டாம்."

"படிவம்?"

"ஒண்ணும் வேண்டாம். பேரைச் சொல்லுங்க, கேளுங்க."

அந்தப் பெண் தலையாட்டினாள். ஃபோனைக் காதில் வைத்து பிஸி ஒலியைக் கேட்டுக்கொண்டே, இன்னொரு கையை நீட்டி, அலுவலக வாசலில் இருந்த அடுக்கிலிருந்து எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு படிவத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.